அரண்மனையில் இருந்தவர்

அவருக்கு இருமல் வந்தால் இருமல் என்று சொல்லமாட்டார். "தங்கச்சி, நெஞ்சுக்குள்ளை கோச்சி ஓடுது, பெட்டியெல்லாம் தடம் புரண்டு கிடக்கு" என்று, லண்டன் சட்டனில் நான் வேலை செய்யும் மருந்துக்கடையின் நடுவில் நின்று அறிவிப்பார். மருந்துக்குக் காத்திருக்கும் வெள்ளைக்காரக் கிழவிகள்கூட, மொழி விளங்காமலே, பாவம் இந்த மனுஷனுக்கு என்னவோ என்று பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

"இருமலோ அண்ணை?"

"ஓம், இருமல்தான்."

"எப்ப தொடங்கினது?"

"அது கிடக்கு, ஒரு யுகமா."

பக்கத்தில் நிற்கும் அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், "முந்தநாள்" என்று தணிந்த குரலில் திருத்துவார். நான் முந்தநாள் என்று குறித்துக்கொள்வேன். அந்த வீட்டிலிருந்து ஒரு தகவல் பெறுவதென்றால் இதுதான் வழி. அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அக்கா சொல்வதை எடுக்க வேண்டும்.

என் தொழிலில் அளவுதான் எல்லாம். கொஞ்சம் கூடினால் மருந்து நஞ்சு, கொஞ்சம் குறைந்தால் வெறும் மா. அதனாலோ என்னவோ, அளவு தெரியாமல் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் எங்கள் தெருவில், இரண்டு வீடு தள்ளி, குடிவந்த புதிதில் நான் முன்வாசலில் நின்று தபால் பார்ப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டேன். கண்டால் பிடித்துவைத்துக் கதைப்பார். மோட்டர்வேயில் மூடுபனி என்றால் தன் கையைத் தானே காணவில்லை என்பார். பெற்றோல் ஷெட் வேலைக்குப் போய் வருகிற வழியில் ஒரு நரியைக் கண்டால் அது வீட்டுக்கு வருவதற்குள் ஓநாய் ஆகிவிடும்.

கவுன்சில் கொடுத்த தோட்டத்துண்டில் ஒருமுறை பூசணி போட்டிருந்தார். "ரெண்டு பேர் வந்து தூக்கினால்தான் ஏலும், காரைக் கொண்டு வரச் சொல்லும் உம்மடை மனுஷனை" என்று போன் வந்தது. என் கணவர் பின் சீற்றை மடித்துவிட்டுக் கார் கொண்டு போனார். அக்கா பூசணியை ஒற்றைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து ஏறினார். அண்ணைக்கு ஒரு துளி வெட்கமில்லை. "வெட்டிப் பாருங்கோ, உள்ளுக்கை இருக்கு விசயம்" என்றார்.

அவரைப் பற்றி நான் எண்ணம் மாற்றிக்கொண்டது வேறொரு சமயத்தில். என் கணவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஆள் குறைப்பு. வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவரை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் திருவிழாவுக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தேன். அன்னதானப் பந்தியில் யாரோ, "இப்ப எங்கை வேலை?" என்று கேட்டுவிட்டார். என் கணவர் தலையைக் குனிந்தார். எதிரில் இருந்த அண்ணை, வாயில் சோற்றோடு, பந்திக்கே கேட்கும்படி சொன்னார்: "அவரோ? அவர் வேலையை விட்டெறிஞ்சுபோட்டு வந்தவரல்லோ. முதலாளி வாசல் மட்டும் வந்து கையைப் பிடிச்சவனாம். இவர் திரும்பிப் பாக்கேல்லை." என் கணவர் நிமிர்ந்து மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் எதையும் கேட்டு வாங்கியது அன்றுதான். அதன்பின் நான் அண்ணையைக் கண்டால் ஒளிவதில்லை.

ஆனால் அவர் அளந்தவற்றில் எல்லாம் பெரியது அரண்மனைக் கதை. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, செத்த வீட்டு எட்டாம் நாள், எங்கே நாலு பேர் கூடினாலும் அது வரும். ஊரை விட்டு வெளிக்கிட்டு லண்டனுக்கு வருகிற வழியில், ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அவரை ரஷ்யாவில், சென்ற் பீற்றர்ஸ்பேர்க் என்ற துறைமுக நகரத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க நிறுத்திவைத்திருந்தானாம். அங்கே எங்கே இருந்தீர்கள் என்று யாராவது கேட்டுவிட வேண்டும். "ராசாவின்ரை அரண்மனையிலை இருந்தனான்" என்பார். வெள்ளைப் பளிங்குப் படி, யானை ஏறலாம். தூண் ஒவ்வொன்றும் பச்சைக் கல். ஒரு மண்டபத்திலிருந்து மற்ற மண்டபத்துக்குப் போக பஸ் பிடிக்க வேண்டும். ஒரு தங்க மயில் நிற்கிறது, வீடு அளவு, சாவி கொடுத்தால் தோகை விரிக்கும். "முருகன் அங்கைதான் வாகனத்தை விட்டுட்டு நடந்து வந்தவர்" என்று முடிப்பார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அக்கா மட்டும் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவார்.

அப்படி எழும்பிப் போவதன் காரணத்தை அக்கா எனக்கு ஒருநாள் தன் குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டே சொன்னார். அண்ணை ஊரை விட்டுப் புறப்படும் முன் இருவருக்கும் எழுத்து முடிந்திருந்தது. எழுத்து என்றால் பதிவுத் திருமணம். தாலி பிறகு, அவர் லண்டன் போய்க் கூப்பிட்டதும் என்று பேச்சு. கொழும்பிலிருந்து விமானம் ஏறியவரிடமிருந்து அதன்பின் ஒரு சொல் இல்லை. ஒரு மழைக்காலம் போய், வெயில் போய், அடுத்த மழையும் வரப்பார்த்தது. தமையன்மார் எழுத்தை முறித்துவிட்டு வேறு இடம் பார்ப்போம் என்று நின்றார்கள். அக்கா முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் கொழும்பில் மாமா வீட்டுக்குப் போன் வந்தது, லண்டனிலிருந்து. வீட்டுச் சனம் முழுவதும் சுற்றி நிற்க, அக்கா கேட்டது ஒரே கேள்வி: எங்கை இருந்தனீங்கள்?

"அரண்மனையிலை எண்டார்" என்றார் அக்கா. கத்தி நின்றது. "எல்லாரும் சிரிச்சினம். நான் போனை வைச்சிட்டன். நான் இஞ்சை ஒவ்வொரு நாளும் ஆள் உயிரோடை இருக்கோ எண்டு கும்பிட்டுக்கொண்டு இருக்க, அவருக்கு அது முசுப்பாத்தி."

"பிறகு கேக்கேல்லையோ அக்கா?"

"கேளாமலோ? கோபமாக் கேட்டன், கெஞ்சிக் கேட்டன். மயில் எண்டுறார், தூண் எண்டுறார். ஒரு ரஷ்யாக்காரியோடை இருந்திருந்தால் அதையாவது சொல்லட்டும். நான் கோவிக்கிற வயசு தாண்டிட்டுது. எனக்கு அந்த மாசங்கள் வேணும். சாகிறதுக்கு முன்னம் வேணும்."

சில வருடங்களுக்கு முன்பு, அந்த நகரத்துக்குக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்த காலத்தில், வால்தம்ஸ்டோவில் பயண ஏஜென்சி வைத்திருந்த ஒரு தம்பி எங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும் கப்பல் சுற்றுலா ஒன்று போட்டார். கோயில் வாசலில் துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். அதில் பொன் கூம்புகளும் ஆறும் படமாக இருந்தன. அக்கா அதைப் பிரசாதத்தோடு சேர்த்து மடித்துக் கைப்பையில் வைத்தார். அன்று பின்னேரமே எங்களுக்கும் சேர்த்து இடம் பதிந்துவிட்டார்.

அண்ணை முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கப்பல் தனக்கு ஒத்துவராது என்றார். முழங்கால் என்றார். தோட்டத்தில் கத்தரிக் கன்று வாடிவிடும் என்றார். சனம் வாய்விட்டே சொன்னது: அளந்தவர் இப்போது அகப்பட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்கா நீதிமன்றத்துக்கு நாள் குறித்தவர் மாதிரித் திரிந்தார்.

கப்பலில் ஏறும்போதே எங்கள் கூட்டத்தின் றைஸ் குக்கர்கள் எல்லாவற்றையும் பாதுகாப்புக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மிளகாய்த்தூளும் சம்பல் போத்தலும் தப்பின. கடல் வழி நெடுக அண்ணை வழமைபோல இருந்தார். அலை மாடி உயரம் என்றார். சாப்பாட்டு மண்டபத்தில் அத்தனை வகை கேக்கை உலகத்தில் எவனும் கண்டதில்லை என்றார். அக்கா ஒவ்வொன்றையும் தணிந்த குரலில் குறைத்துக்கொண்டு வந்தார். ரஷ்யாக் கரை தெரிந்த காலையில்தான் அண்ணையின் வாய் மூடியது.

முதலில் பாரந்தூக்கிகள் வந்தன. பிறகு கொள்கலன்களை அடுக்கிய மேடைகள், துருப்பிடித்த கப்பல்கள், போர்க்கப்பல் போல ஏதோ ஒன்று. எல்லாவற்றுக்கும் பின்னால், மிகத் தூரத்தில், ஒரு பொன் கூம்பு வெயிலில் மினுங்கியது. எங்கள் ஆட்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அண்ணை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜூன் மாதத்தில் தடித்த குளிர்க்கோட்டுப் போட்டிருந்தார்.

விசா இல்லாமல் இறங்கலாம். ஆனால் வழிகாட்டியை விட்டு ஓர் அடி விலகக் கூடாது, விலகினால் கப்பலில் ஏற விடாமல் பிரச்சினை வரும் என்று சொல்லியிருந்தார்கள். கடவுச்சீட்டுப் பார்க்கிற கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் வரிசை. அண்ணையின் முறை வந்தது. சீருடைப் பெண் படத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், திரும்பவும் படத்தைப் பார்த்தாள். அண்ணையின் கழுத்தால் வியர்வை வழிந்து கோட்டுக்குள் போவதைப் பின்னால் நின்ற நான் கண்டேன். கையில் இருந்தது பிரித்தானியக் கடவுச்சீட்டு. அப்படியிருந்தும் மனுஷன் முத்திரை விழுந்த சத்தத்துக்குத் துள்ளினார். அக்கா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். அன்று முழுவதும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நகரத்தை எப்படிச் சொல்வது? அளவு பார்த்தே பிழைக்கிற எனக்கு அன்று அளவு பிடிபடவில்லை. ஆறு என்றார்கள், அது கடல் மாதிரி அகன்று, கனத்து, கருநீலமாகப் போனது. அதன் இரு கரையிலும் மஞ்சளும் பச்சையும் இளநீலமுமாக மாளிகைகள், ஒன்றையொன்று இடிக்காமல், கண் போகும் மட்டும். சதுக்கத்தின் நடுவில் ஒரே கல்லில் ஒரு தூண். எதிலும் ஒட்டாமல் தன் பாரத்தில் தானே நிற்கிறதாம். ஒரு தேவாலயத்துக்குள் பச்சைக் கல் தூண்கள் நின்றன. பச்சைக் கல் தூண்! நான் என் கணவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். இருவரும் அண்ணையைப் பார்த்தோம். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் வழிகாட்டி மெலிந்த ரஷ்யப் பெண். கையில் எண் எழுதிய ஒரு மட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நல்ல ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனாள். இது முழுக்கச் சதுப்பு நிலமாக இருந்ததாம். ஒரு ராசா இங்கேதான் துறைமுகம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, இந்தத் துறைக்கு வருகிற ஒவ்வொரு கப்பலும் கல் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் போட்டானாம். கப்பல் கப்பலாக வந்த கல்லின் மேல்தான் நாங்கள் நிற்கிறோம் என்றாள். எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஒரு மனிதனின் பெருங்கதை ஊராகி நிற்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அடுத்த தேவாலயத்தில் ஒரு கூத்து. உள்ளே மாதா படத்துக்கு முன்னால் ரஷ்யச் சனம் நீண்ட வரிசையில் நின்றது. மெழுகுதிரி வாசம், தலையில் துணி போட்ட பெண்கள், தணிந்த பாட்டு. எங்கள் கூட்டத்தில் முதலில் ஒரு அம்மா சப்பாத்தைக் கழற்றினார். பார்த்துப் பார்த்து எல்லோரும் கழற்றினோம். காலுறையோடு போய் வரிசையில் நின்றோம். வழிகாட்டி மட்டையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுகிறாள், ஒருவரும் அசையவில்லை. "வந்திட்டம், கும்பிடாமல் போறதே?" என்றார் அந்த அம்மா. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், வாசலில் கூட்டித் துடைக்கிற ஒரு கிழவி எங்கள் சப்பாத்துகளை எல்லாம் சோடி சோடியாக, நாங்கள் அப்படியே கால் நுழைக்கத் தோதாகத் திருப்பி வைத்துவிட்டு, பக்கத்தில் காவல் நின்றாள். அண்ணை அவளுக்கு முன்னால் நின்று கை கூப்பினார். வேறு யாருக்கும் அவர் அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

பின்னேரம் அரண்மனை. ஆற்றைப் பார்த்தபடி, பச்சையும் வெள்ளையும் பொன்னுமாக, ஒரு தெருவின் நீளம் இருக்கும். இப்போது அருங்காட்சியகம். பளிங்குப் படியின் அடியில் நாங்கள் அண்ணாந்து நின்றோம். மேலே கூரையில் மேகங்களும் தேவர்களும் எழுதியிருந்தன. யன்னல் வெளிச்சம் பொன் பூச்சில் பட்டு எங்கள் முகமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. யானை ஏறலாம்தான். என் கணவருக்குக் குறும்பு போகவில்லை. "அண்ணை, உங்கடை கட்டில் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அண்ணை சிரிக்கவில்லை. "மேலை" என்றார்.

மண்டபம் மண்டபமாகப் போனோம். பாதி வழியில் சனத்துக்குப் பேச்சு நின்றுவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு, ஆளை ஆள் இடித்துக்கொண்டு நடந்தோம். ஒரு பெரிய வெள்ளை மண்டபத்தில் கண்ணாடிக் கூண்டு. அதற்குள் மயில்.

தங்க மயில். ஒரு மரக்கிளையில் நின்றது. நீளத் தோகை கீழே தொங்கியது. பக்கத்தில் ஒரு சேவலும் நின்றது. மயிலும் சேவலும்! இயந்திரத்துக்குச் சாவி கொடுத்தால் தலை திருப்பித் தோகை விரிக்கும், ஆனால் எல்லா நாளும் இல்லை, இன்று இல்லை என்றாள் வழிகாட்டி. இதைச் செய்தது எங்கே தெரியுமா, உங்கள் லண்டனில் என்றும் சொன்னாள். "எங்கடை ஊர்ச் சாமான்!" என்று என் கணவர் கத்தினார். கூட்டத்தில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "முருகா, இஞ்சை வந்து நிக்கிறியே" என்று அந்த அம்மா கண் கலங்கினார். ஒருவர் அண்ணையின் முதுகில் தட்டி, "மன்னிச்சுக்கொள்ளும் ஐசே, நாங்கள் நம்பேல்லை" என்றார்.

அண்ணை கண்ணாடிக்குக் கிட்டப் போய் நின்றார். "சின்னனாக் கிடக்கு" என்றார், தனக்குத்தானே. "முந்திப் பெரிசு."

நாங்கள் எல்லாம் மயிலைப் படம் எடுத்து முடித்துத் திரும்பும்போது அவரைக் காணவில்லை. அக்காவையும் காணவில்லை.

வழிகாட்டியின் முகம் வெளுத்துவிட்டது. தலைகளை எண்ணினாள், திரும்ப எண்ணினாள். கூட்டத்தை ஒரு மூலையில் நிற்க வைத்துவிட்டு ஒரு பக்கம் ஓடினாள். என்னை மற்றப் பக்கம் பார்க்கச் சொன்னாள். நான் கதவு கதவாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு அறையிலும் கதிரையில் ஒரு வயதான காவல்காரப் பெண். பளபளக்கும் மரத்தரை. இந்த வழி தெரியாத ஒருவன் தனியே வந்தால் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டு நிற்பான் என்று எனக்குப் பட்டது. அண்ணை எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் போயிருக்கிறார்.

பெரிய படங்கள் இல்லாத, சனம் நிற்காத ஒரு சின்ன அறையில் இருவரும் இருந்தார்கள். நான் கதவோரத்தில் நின்றுவிட்டேன். உள்ளே போக மனம் வரவில்லை.

அண்ணை யன்னலடியில் நின்றார். வெளியே ஆறு, அக்கரையில் கோட்டை, நாங்கள் காலையில் கண்ட பொன் கூம்பு. யன்னலுக்குக் கீழே அறையைச் சூடாக்கும் ஒரு பழைய ஹீற்றர். அதன் மேல் அவருடைய கை இருந்தது.

"இதிலைதான்" என்றார்.

"எதிலை?" என்றார் அக்கா.

"இந்த ஹீற்றரோடை. நாங்கள் ஆறு பேர். படுக்கிற வீட்டிலை பகலிலை இருக்க விடமாட்டினம். காலமை வெளியிலை விட்டுக் கதவைப் பூட்டிப்போடுவா வீட்டுக்காரி. பக்கத்து வீட்டுக்காரர் கண்டால் பொலிசுக்குச் சொல்லிப்போடுவினம் எண்டு பயம். இருட்டினாப் பிறகுதான் திரும்பிப் போகலாம். வெளியிலை நிண்டால் விறைச்சுப் போவம். ஏஜென்சிக்காரன் மாணவர் அட்டை எடுத்துத் தந்தவன். அதைக் காட்டினால் இஞ்சை உள்ளுக்கை விடுவினம். இஞ்சை சூடு."

"ஒவ்வொரு நாளுமோ?"

"திங்கட்கிழமை இல்லை. திங்கட்கிழமை பூட்டு."

"அப்ப திங்கட்கிழமை என்ன செய்தனீங்கள்?"

அவர் ஆற்றைப் பார்த்தார். "நடந்தனாங்கள்" என்றார்.

அக்கா அவருக்குக் கிட்டப் போனார். பிறகு, "என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டார்.

"பாண்."

"வேறை?"

"பாண்தான். இஞ்சை இருக்கலாம், ஆனால் நித்திரை கொள்ளேலாது. கொண்டால் எழுப்பி வெளியிலை விட்டிடுவினம். சாப்பிடாத உடம்பு, சூடு பட்டவுடனை கண் சொருகும். அதாலை ஆளையாள் கிள்ளிக்கொண்டு நிப்பம். கதிரையிலை இருக்கிற மனுசி கண்டும் காணாத மாதிரி மற்றப் பக்கம் திரும்பியிருப்பா."

கதவோரத்தில் நின்ற எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஒரு இருமலுக்குக் கோச்சி ஓட்டுகிற மனுஷன், ஒரு குளிர்காலம் முழுக்க வெறும் ரொட்டியில் கிடந்த பசியைப் பாண் என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டார். அளவு தெரியாதவர் என்று நான்தான் அவரை எடை போட்டேன். எதைப் பெருப்பிக்க வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றார் அக்கா. "நான் எத்தினை தரம் கேட்டனான்."

"சொன்னனான்தானே, அரண்மனையிலை எண்டு."

"இதைச் சொல்லேல்லை."

அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். "லண்டனிலை இறங்கினவுடனை அசைலம் கேஸ் எண்டு அகதி விசாரணையிலை ஒருத்தர் மாறி ஒருத்தராக் கேட்டவை. எங்கை படுத்தனி, என்ன திண்டனி, ஆர் அடிச்சது, எங்கை அடிச்சது எண்டு. கஷ்டம் முழுக்க அவையளுக்குச் சொல்லியே முடிஞ்சுபோச்சுது. உமக்கெண்டு என்னட்டை மிச்சம் இருந்தது இதுதான்" என்று மற்றக் கையைத் தூக்கிக் கூரையையும் சுவரையும் காட்டினார். "கண் சொருகேக்கை எழும்பி நடப்பன். தனிய நடக்கிறேல்லை. உம்மையும் கூட்டிக்கொண்டு நடப்பன், மனசுக்குள்ளை. இது படி, பாத்து வாரும். இது ராசாவின்ரை கதிரை. இஞ்சை பாரும், மயில். ஒவ்வொரு நாளும் உமக்குக் காட்டினனான். காட்டக் காட்ட அது வளந்துகொண்டு போச்சுது. இண்டைக்கு வந்து பாத்தால், உம்மைக் கூட்டிக்கொண்டு வந்த அண்டு, எல்லாம் சின்னனாக் கிடக்கு."

"எனக்குச் சின்னனாத் தெரியேல்லை" என்றார் அக்கா.

அக்கா தன் கையை ஹீற்றரின் மேல், அண்ணையின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். ஜூன் மாதம், அது குளிர்ந்து கிடந்திருக்கும். அக்கா கையை எடுக்கவில்லை.

எனக்குப் பின்னால் வேகமாகக் காலடிச் சத்தம். வழிகாட்டி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். என்னைத் தள்ளாத குறையாக விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். பயந்துபோன கோபம். உங்களைக் காணவில்லை என்றால் நான் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும், என் வேலை போகும், ஒரு கூட்டமே அங்கே காத்துக்கொண்டு நிற்கிறது என்றாள். பிறகு மட்டையால் அறையைச் சுற்றிக் காட்டி, "நினைத்தபடி நடந்து திரிய இதென்ன உங்கள் வீடா?" என்று கேட்டாள்.

அண்ணை வழமைபோல ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். அவரோ பிழை செய்தவர் மாதிரித் தலை குனிந்து, கோட்டுப் பொத்தானைப் பூட்டத் தொடங்கினார்.

அக்கா அவருக்கு முன்னால் வந்து நின்றார். ஆங்கிலம் பேச வேண்டி வந்தால் எப்போதும் என் பின்னால் ஒதுங்குகிறவர், அன்று என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"யெஸ்" என்றார். "மை ஹஸ்பண்ட் லிவ் ஹியர்."

வழிகாட்டி அது பகிடி என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அக்கா ஒரு கையை உயர்த்தி, கொஞ்சம் பொறு என்று அவளுக்குக் காட்டினார். பிறகு அண்ணையின் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் காட்டுங்கோ" என்றார். "அந்தக் கதவாலை போனால் என்ன?"